வாடகை இல்லாத கடை: ஆம்ஸ்டர்டாம் பீர் சைக்கிளிடம் ஒரு வணிகப் பாடம்

கடைக்கு வாடகை கிடையாது. பகடி, முன்பணம் என்ற பேச்சே இல்லை. சரக்கு என்று பார்த்தால் ஒரு பீப்பாய். சம்பளத்துக்கு ஓர் ஆள். கடையை நகர்த்த டீசல் வேண்டாம், மாடும் வேண்டாம். வாடிக்கையாளரே பணத்தையும் கொடுத்துவிட்டு, தம் காலால் மிதித்துக் கடையை ஓட்டியும் கொடுப்பார். இப்படி ஒரு தொழில் இருப்பதாக யாராவது நம் கடை வாசலில் வந்து நின்று சொன்னால், ஏதோ ஏலச்சீட்டுக் கம்பெனி ஆள் என்று நினைத்து, "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று அனுப்பிவிட்டுத் தராசைப் பார்க்கத் திரும்புவோம்.

ஆனால் இப்படி ஒரு தொழில் உண்மையிலேயே உண்டு. ஹாலந்து என்று நாம் பழக்கத்தில் சொல்லும் நெதர்லாந்து நாட்டில் பிறந்து, ஜெர்மனிக்குப் பரவி, கடல் கடந்து அமெரிக்கா வரை போன தொழில் அது. பெயர் பீர் சைக்கிள். பிறந்த நாட்டின் தலைநகரான ஆம்ஸ்டர்டாமிலேயே, நகரின் நடுப்பகுதியில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியோடு அதற்குக் கதவடைக்கப்பட்டது. அது ஏன் வளர்ந்தது, ஏன் விரட்டப்பட்டது, அதே காலத்தில் அதே தெருக்களில் இருந்த மற்றக் கடைக்காரர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த இதழில் படிப்போம்.

மதுவைப் பற்றியா நம் சங்க இதழில் கட்டுரை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். நம் மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் கையில் இருக்கிறது. ஆகவே இந்தத் தொழிலைத் தொடங்கச் சொல்லி யாருக்கும் ஆசை காட்ட நாம் எழுதவில்லை. விற்ற பொருள் எதுவானாலும், விற்ற இடம் பொதுத் தெரு என்பதே நமக்கு இங்கே பாடம்.

ஊர்வலத்தில் பிறந்த வண்டி

நெதர்லாந்தில் 'கஃபே' என்றால் நம் ஊர்க் காப்பிக் கடை அல்ல. பீரும் ஒயினும் கிடைக்கும் சிறிய மதுக்கடை. 1997-இல் அப்படிப்பட்ட கடை வைத்திருந்த ஒருவருக்கு ஓர் ஊர்வலத்தில் கலந்துகொள்ள ஆசை வந்தது. சும்மா நடந்து போவதில் அவருக்கு விருப்பம் இல்லை. உடம்பு அசைந்து ஏதாவது செய்ய வேண்டும், அதோடு தம் கடைக்கும் விளம்பரம் ஆக வேண்டும். வான் லார் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் இருவர் அவருடைய யோசனையை வைத்து முதல் வண்டியைச் செய்து கொடுத்தார்கள். மதுக்கடையின் மேசையை அப்படியே சக்கரத்தின் மேல் ஏற்றிய வண்டி அது. 'சைக்கிள் கஃபே' என்ற பொருளில் டச்சு மொழியில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, மேலே நம் கடைப் பெயரை எழுதித் தொங்கவிடுகிறோம் அல்லவா? அதே வணிக புத்திதான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, பாராட்டவே தோன்றுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள், ஊரே வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்திருக்கும் நேரத்தில், ஒரே ஒரு வண்டி. அந்த அளவில் இருந்தவரை அது கொண்டாட்டம்.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். நான்கு சக்கரம். நீளம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 2 மீட்டருக்கும் மேல், தலைக்கு மேல் ஒரு கூரை. நடுவே நீளவாக்கில் மேசை. மேசையின் இருபுறமும் சைக்கிள் இருக்கைகள், ஒவ்வொன்றின் கீழும் மிதிகட்டை. மிதிக்கும் விசை பல்சக்கரம், சங்கிலி வழியாக அச்சுக்குப் போகும். மிதிப்பவர்கள், மிதிக்காமல் பின் பலகையில் உட்காருபவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பெரிய வண்டியில் 16 பேர் வரை ஏறலாம். மேசையோரம் பீப்பாயும் குழாயும். பாட்டுக் கேட்க ஒலிபெருக்கி. முன்னால் ஒருவர் உட்கார்ந்து திருப்புவார், பிரேக்கும் அவரிடம்தான். அவர் நிறுவனத்து ஆள், குடிக்கக் கூடாது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பதால், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதே அவர்களுக்குப் பாதி நேரம் தெரியாது. வேகம் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர். நம் ஊர்க் கட்டை வண்டி பக்கத்தில் வந்தால் சேர்ந்தே போகலாம்.

ஏறியவர்கள் யார்? கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வரும் நண்பர் கூட்டம், அலுவலகத்துச் சக ஊழியர்கள், விளையாட்டுச் சங்கத்தார். விமானக் கட்டணம் மலிந்த பிறகு, வெள்ளிக்கிழமை மாலை வந்து ஞாயிறு இரவு திரும்பும் வெளிநாட்டு இளைஞர்கள் இதில் மிகுந்தார்கள்.

பேரேட்டில் விடுபட்ட பக்கம்

இந்தத் தொழிலின் வரவு செலவை நம் வழியில் ஒருமுறை எழுதிப் பார்ப்போம். வண்டி வாடகை முன்கூட்டியே பேசப்படுகிறது. ஏறுவதற்கு முன்பே பணம் வந்துவிடும். கடன் நோட்டு என்ற ஒன்றே தேவையில்லை. மாதக் கடைசியில் "அடுத்த வாரம் தருகிறேன் அண்ணாச்சி" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம்மில் பலருக்கு இந்த ஒரு வரியைப் படித்ததும் பெருமூச்சு வந்திருக்கும். சரக்கு கெட்டுப்போவதில்லை. எலி, புழு, எடைக் குறைவு எதுவும் இல்லை. இயந்திரம் ஓட்டும் செலவு வாடிக்கையாளரின் கால்வலியோடு போய்விடுகிறது. விளம்பரச் செலவும் இல்லை. வண்டி ஊர் சுற்றுவதே விளம்பரம். வண்டியின் பக்கவாட்டில் அடுத்த நிறுவனத்தின் விளம்பரத்தை ஒட்டி அதிலும் நாலு காசு பார்க்கலாம்.

அதே தெருவில் நிலையான கஃபே நடத்துபவரின் கணக்கு வேறு. இடத்துக்கு வாடகை, உரிமம், இருக்கைகளுக்கு அனுமதி, கழிப்பறைப் பராமரிப்பு, மூடும் நேரக் கட்டுப்பாடு எல்லாம் அவர் தலையில். அவர் கடையில் ஒருவர் நிலை தடுமாறினால் அதைச் சமாளிக்க வேண்டியவரும் அவரே. பீர் சைக்கிளில் கழிப்பறை கிடையாது. ஒன்றரை மணி நேரம் பீர் குடித்துக்கொண்டே போகும் பதினைந்து பேருக்கு இயற்கை உபாதை எங்கே தீரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆம்ஸ்டர்டாம்வாசிகளின் புகாரில் இது முக்கியமான ஒன்று.

ஆகவே கணக்கில் ஒரு செலவு காணாமல் போகவில்லை. பேரேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒருவர் பக்கத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எவ்வளவு என்று சிறிது கணக்குப் போடலாம். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். முந்திச் செல்ல வழியில்லாத 500 மீட்டர் தெருவைக் கடக்க வண்டிக்கு 5 நிமிடம். பின்னால் ரொட்டி ஏற்றிய வேன், காய்கறி வேன், தபால் வண்டி என்று பத்து வண்டிகள் நின்றால், ஒரே ஒரு முறை போனதற்கு மற்றவர்களின் 50 நிமிடம் செலவு. இந்த 50 நிமிடத்துக்கு யாரும் பில் போடுவதில்லை. பில் போடாத செலவை முதலாளி செலவாகவே நினைப்பதில்லை. அதனால்தான் ஒரு வண்டி நாலாகிறது, நாலு இருபதாகிறது.

கால்வாய் ஓரத்துத் தெருக்கள்

ஆம்ஸ்டர்டாமின் நடுப்பகுதியைப் படத்திலாவது பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். 17-ஆம் நூற்றாண்டில் வணிகம் கொழித்த காலத்தில் வெட்டிய கால்வாய்கள் வளையம் வளையமாக நகரைச் சுற்றி ஓடுகின்றன. 2010-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கால்வாய்க் கரையில் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒடுங்கிய வீடுகள், இடையே ஒரு வண்டி போகும் அளவுக்குத் தெரு. ஒரு வேன் நின்று பெட்டி இறக்கினாலே பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டும். அந்த ஊரில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். பள்ளிக்கும் வேலைக்கும் போவது அதில்தான். கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற வீடுகளும் ஏராளம். நம் பழைய பஜார்த் தெருக்களைப் போல.

அங்கே குடியிருப்பவர் மாலை வீடு திரும்பும்போது முன்னால் ஒரு பீர் சைக்கிள் ஊர்ந்துகொண்டிருக்கும். கூச்சலும் பாட்டும். ஏறியவர்களுக்கு அது வாழ்க்கையில் ஒரு நாள். மாடியில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பவருக்கோ வாரந்தோறும், நாள்தோறும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் "இன்று ஒரு நாள்தானே" என்று நினைப்பது உண்மை. தொழில் நடத்துபவருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது, ஏனென்றால் அவர் தினமும் வருகிறார். வாடிக்கையாளரின் கண்ணால் தம் தொழிலைப் பார்த்தவர்கள், மாடியில் இருப்பவரின் கண்ணால் ஒருமுறை பார்க்கத் தவறினார்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

சுமார் 6,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று நகராட்சிக்குப் போனது. அப்போது மேயராக இருந்தவர் எபர்ஹார்ட் வான் டெர் லான். நகர நடுவில் இந்த வண்டிகளுக்குத் தடை விதிக்க 2016-இல் முடிவெடுத்தார். தொழில் நடத்தியவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். தடைக்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் அப்போது கூறியது. நடத்துவோர் மூச்சு விட்டார்கள்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். வழக்கில் வென்ற பிறகு கிடைத்த அவகாசம் விலைமதிப்பற்றது. நகராட்சி அந்த அவகாசத்தில் காரணங்களைத் திரட்டிக்கொண்டு மறுபடியும் வந்தது. 2017 அக்டோபர் 31 அன்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் இந்த முறை தடையை ஏற்றுக்கொண்டது. மறுநாளிலிருந்து தடை நடப்புக்கு வந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க மேயர் உயிரோடு இல்லை. அதே மாதம் 5-ஆம் தேதி நோயால் காலமாகியிருந்தார்.

நீதிமன்றம் சொன்ன காரணத்தை உறுப்பினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். போக்குவரத்துக்கு இடையூறு, வண்டியில் ஏறியவர்களின் ஒழுங்கீனமான நடத்தை, ஏற்கெனவே நெரிசலான நகர நடு ஆகிய மூன்றும் சேர்ந்து தடையை நியாயப்படுத்துகின்றன என்றது. 'சேர்ந்து' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. போக்குவரத்தா? லாரியும் தடுக்கிறது. கூச்சலா? கஃபே வாசலிலும் கூச்சல் உண்டு. நெரிசலா? அது எங்களால் வந்ததல்ல. மூன்றும் ஒரே வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தபோது பதில் இல்லாமல் போயிற்று.

தடை நகர நடுப்பகுதிக்கு மட்டுமே. வெளிப்பகுதியில் ஓட்டலாம். ஆனால் கால்வாயும் பழைய வீடும் இல்லாத புறநகர்ச் சாலையில் மிதிக்க எத்தனை வெளிநாட்டார் காசு கொடுப்பார்கள்? இடத்தை இழந்த வியாபாரம் எப்படி இருக்கும் என்பது மெயின் பஜாரிலிருந்து பைபாஸுக்குக் கடை மாற்றியவர்களுக்குத் தெரியும்.

நடத்தியவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லாவிட்டால் நாம் வணிகர்களாக இருந்து பயனில்லை. அந்த நகரம் 2004 முதல் தன்னையே ஒரு சரக்கைப் போல உலகுக்கு விளம்பரம் செய்தது. ஊர்ப் பெயரை வைத்து முழக்கம் உண்டாக்கி, அதை ஆள் உயரத்துக்கும் மேலான எழுத்துகளாகச் செய்து அருங்காட்சியகத்தின் முன்னால் நிறுத்தி, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தது. 2018 டிசம்பரில் அந்த எழுத்துகளையும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். அழைக்கும்போது எல்லாரையும் அழைத்துவிட்டு, கூட்டம் தாங்காதபோது முதல் அடி சிறு தொழில்காரர் மேல் விழுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். பெரிய ஓட்டல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதைவிட, கண்ணில் படும் வண்டியைத் தடுப்பது எளிது. ஆனால் அந்த எளிய இலக்காக நம்மை நாமே ஆக்கிக்கொள்ளாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

தெரு எதற்காக?

ஆம்ஸ்டர்டாம் தீர்ப்புக்கு ஐந்தாண்டு முன்பே ஜெர்மனியில் இதே வண்டி குறித்து இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று உச்ச அளவில் அலசப்பட்டுவிட்டது. டுசல்டார்ஃப் நகரின் பழைய ஊர்ப் பகுதியை 'உலகின் மிக நீளமான மதுக்கடை மேசை' என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவு நெருக்கமாக மதுக்கடைகள். ஆகவே குடியை வெறுத்து அந்த ஊர் பீர் சைக்கிளை எதிர்த்தது என்று யாரும் சொல்ல முடியாது. நகராட்சி கேட்டது வேறு: பொதுத் தெருவை இப்படிப் பயன்படுத்த எங்களிடம் தனி அனுமதி வாங்கினீர்களா?

நடத்தியவர் தரப்பு வாதம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. எங்களுடையது வண்டி. சக்கரம் இருக்கிறது, ஓடுகிறது, ஒருவர் ஓட்டுகிறார். தெருவில் வண்டி ஓட்ட யாரும் தனி அனுமதி வாங்குவதில்லையே. பேருந்தும் குதிரை வண்டியும் போகும் தெருவில் நாங்களும் போகிறோம், அவ்வளவுதான்.

2010 அக்டோபரில் டுசல்டார்ஃப் நிர்வாக நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2011 நவம்பரில் மூன்ஸ்டர் நகரில் உள்ள மேல் நிர்வாக நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2012 ஆகஸ்டில் லைப்சிக்கில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. சட்ட நுணுக்கத்தை விட்டுவிட்டுச் சாரத்தைச் சொன்னால் இதுதான்: தெரு என்பது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்காக எல்லாருக்கும் பொதுவானது. ஒரு பொருளுக்குச் சக்கரம் இருக்கிறது, அது நகர்கிறது என்பது மட்டும் போதாது. வெளியே நின்று பார்க்கும் ஒரு சாதாரண மனிதருக்கு அது என்னவாகத் தோன்றுகிறது? நடுவே மேசை, பீப்பாய், பாட்டு, எதிரெதிரே உட்கார்ந்து குடிக்கும் கூட்டம். போய்ச் சேருவது அவர்கள் நோக்கமாகத் தெரியவில்லை. விருந்தே நோக்கம், நகர்வது அதற்கு ஒரு சாக்கு. ஆக, தெரு இங்கே வழியாக அல்ல, விருந்து மண்டபமாகப் பயன்படுகிறது. அப்படியானால் மண்டபத்துக்குக் கேட்பது போல அனுமதி கேட்க வேண்டும். தொழில் செய்யும் சுதந்திரம் பறிபோகிறது என்ற வாதமும் நிற்கவில்லை.

இது முழுத் தடை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்டுவிட்டுச் செய் என்பதே தீர்ப்பு. கொடுப்பதும் மறுப்பதும், எந்தத் தெரு, எந்த நேரம் என்று நிபந்தனை போடுவதும் நகராட்சியின் கையில் போய்விட்டது. முதலிலேயே தாமாகப் போய், இத்தனை வண்டிதான் விடுவோம், இந்தக் குறுகிய தெருக்களுக்கு வர மாட்டோம், இரவு இத்தனை மணிக்கு மேல் இல்லை, இன்ன இடத்தில் கழிப்பறைக்கு நிறுத்துவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல நம்மால் முடியாது. ஆனால் நிபந்தனையை எழுதும் பேனா சிறிது நேரமாவது தங்கள் கையில் இருந்திருக்கும்.

இதைப் படித்ததும் நம் உறுப்பினர்கள் பலருக்கு ஒலிபெருக்கி கட்டி வெங்காயம் விற்றுக்கொண்டு வரும் மினி லாரி நினைவுக்கு வந்திருக்கும். வாடகை இல்லை, வரி இல்லை, நம் கடை வாசலிலேயே வந்து நிறுத்திக் கூவுகிறான் என்று நம் கூட்டங்களில் எத்தனை முறை குமுறியிருக்கிறோம்! டுசல்டார்ஃப் தீர்ப்பு அந்தக் குமுறலுக்குச் சாதகம்போலத் தோன்றும். ஆனால் அதே கேள்வியை, வெளியே நின்று பார்க்கும் சாதாரண மனிதரை நம் கடைப் பக்கம் திருப்பி நிறுத்திக் கேட்டால்? படிக்கட்டுக்கு வெளியே நாம் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டை, நடைபாதையில் நிற்கும் எண்ணெய் டின், தெருவில் பாதியை அடைத்து நிற்கும் நம் விலைப் பலகை. அங்கே தெரு வழியா, நம் கிடங்கா? குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடக்கும் தாய் அந்த மூட்டையைச் சுற்றி வண்டிகளுக்கு நடுவே இறங்கிப் போகும் ஒவ்வொரு முறையும் நம் செலவு ஒன்று அவள் கணக்கில் எழுதப்படுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு பருப்பு மொத்த வியாபாரி காலை எட்டரை மணிக்கு லாரியில் சரக்கு இறக்குவார். அந்த நேரம்தான் அந்தத் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் நேரம். யாரும் அவரிடம் சண்டைக்கு வரவில்லை. எதிர் வீட்டு ஆசிரியை ஒருவர் மட்டும் அவர் கடையில் பருப்பு வாங்குவதை நிறுத்தினார். "டீச்சரம்மா ஏன் இப்போ வர்றதில்லே?" என்று அவர் வீட்டம்மாள் கேட்ட பிறகே அவருக்கு உறைத்தது. ஆறு மணிக்கு இறக்கத் தொடங்கினார். சுமைதூக்குவோருக்குக் கூலி கொஞ்சம் கூடியது, அவர் தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தது. ஆசிரியை திரும்பி வர நாலு மாதம் ஆயிற்றாம். புகார் எழுதத் தெரிந்தவர் பருப்பு வாங்குவதை நிறுத்துவதோடு நின்றது அவருடைய நல்ல காலம்.

பக்கத்துக் கடைக்காரருக்கு வந்த கேடு

ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்புவோம். குடியிருப்பவர்களின் கோபம் பீர் சைக்கிளோடு நிற்கவில்லை; அது முதல் காரணமும் இல்லை. தங்கள் தெருவில் தங்களுக்கு வேண்டிய ரொட்டிக் கடையும் காய்கறிக் கடையும் போய், வந்து போகிறவர்களுக்கான தின்பண்டக் கடைகளே வரிசையாக வருகின்றன என்ற புகார் பல ஆண்டுகளாக இருந்தது. 2017 அக்டோபரில், பீர் சைக்கிள் தீர்ப்பு வந்த அதே மாதத்தில், நகர நடுவில் சுற்றுலாப் பயணிகளை மட்டுமே நோக்கிய புதிய கடைகள் திறக்கக் கூடாது என்று நகராட்சி விதித்தது. பாலாடைக்கட்டிக் கடை, நடந்துகொண்டே தின்னும் இனிப்புப் பண்டக் கடை, சுற்றுலாச் சீட்டு விற்கும் கடை, சைக்கிள் வாடகைக் கடை ஆகியவை அதில் அடங்கும். இருந்தவை இருக்கலாம், புதிதாக வரக் கூடாது.

டாம்ராக் என்ற பெரிய வீதியில் ஒரு பாலாடைக்கட்டிக் கடை இந்த விதியில் மாட்டிக்கொண்டது. மூடச் சொன்னார்கள். வழக்கு நெதர்லாந்தின் மிக உயர்ந்த நிர்வாக நீதிமன்றமான அரசாங்க ஆலோசனைச் சபை வரை போனது. பாலாடைக்கட்டி அந்த நாட்டு மக்களே நாள்தோறும் உண்ணும் பொருள். நமக்கு நல்லெண்ணெய் மாதிரி. அதை விற்பது எப்படிக் குற்றம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் நகராட்சி பார்த்தது பொருளை மட்டும் அல்ல. சரக்கு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, விளம்பரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதையும் பார்த்தது. 2018 டிசம்பரில் தீர்ப்பு நகராட்சிக்குச் சாதகமாக வந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் அரைக் கிலோ வாங்க உள்ளே நுழைவாரா என்ற கேள்விக்கு, கடையின் முகப்பே பதில் சொல்லிவிட்டது என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு நேரடியாக வந்தது இன்னொன்று. நகர நடுவில் இரவு வாழ்க்கைக்குப் பெயர்போன பழைய பகுதியில் 2023-இல் கட்டுப்பாடுகள் இறுகின. தெருவில் கஞ்சா புகைக்கத் தடை வந்தது. மதுக்கூடங்கள் வார இறுதி இரவுகளில் முன்பைவிடச் சீக்கிரம் மூட வேண்டும் என்றானது. அந்தப் பகுதிக் கடைகளில் வியாழன் முதல் ஞாயிறு வரை மாலை 4 மணிக்குப் பிறகு மது விற்கக் கூடாது என்ற விதி ஏற்கெனவே உண்டு. நெதர்லாந்தில் பீரும் ஒயினும் மளிகைக் கடையில் அரிசி, சோப்போடு சேர்ந்து அலமாரியில் இருக்கும் சரக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விற்காமல் இருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது கண்ணிலும் படக் கூடாது, எடுத்துவிட வேண்டும் அல்லது மறைக்க வேண்டும் என்று நகராட்சி இப்போது சேர்த்துச் சொன்னது.

அந்தக் கடைக்காரர் பீர் சைக்கிள் ஓட்டியவர் அல்ல. அவர் கடை முன் யாரும் கூச்சல் போட்டிருக்காமலும் இருக்கலாம். மேல் மாடியில் குடியிருக்கும் கிழவிக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்து வந்தவராக இருக்கலாம். வியாழக்கிழமை மாலை நாலடிக்கும்போது அவர் கல்லாவை விட்டு எழுந்துபோய், தம் சொந்தக் காசில் வாங்கி அடுக்கிய பாட்டில் அலமாரியின் மேல் திரையை இழுத்து மூடுகிறார். வெள்ளி, சனி, ஞாயிறும் அப்படியே.